வைத்தியர் பிழையும் வழக்கு மன்றமும்

நாட்டுப்புறப் பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பாடசாலைக்கு வெளியேயும் ஓர் உத்தியோகம் உண்டு. ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பதே அது. காணித் தகராறு, பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழை, ஓய்வூதியம் வந்து சேராமை என எதுவாயினும், முதலில் வந்து நிற்பது அதிபரின் வாசலிலேதான். 2013ஆம் ஆண்டின் இறுதியில், மழைக்காலத்து மாலையொன்றில், அவ்வாறு என்னிடம் ஒரு தச்சுத் தொழிலாளி வந்தார். அவருடைய மகன் எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தான். தந்தையார் ஊன்றுகோலின் துணையோடு வந்தார். இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

கூரை வேலையின்போது விழுந்து அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஓர் ஆசுப்பத்திரியிலே பிளாஸ்ரர் கட்டுப் போட்டார்கள். அது எந்த ஆசுப்பத்திரி என்பது இங்கே வேண்டியதில்லை. அன்றிரவே கால் வீங்கிற்று. விரல்கள் குளிர்ந்து மரத்துப்போயின. வலி பொறாமற் கூப்பிட்ட வேளைகளிலெல்லாம், எலும்பு முறிந்தால் நோகத்தான் செய்யும் என்ற மறுமொழியே வந்தது. மூன்றாம் நாள் கட்டை வெட்டிப் பார்த்தபொழுது தசை கறுத்திருந்தது. பின்னர் காலையே எடுத்துவிட்டார்கள். முதலிலேயே முறிவு நெரிவு வைத்தியரிடம் போயிருக்கலாமே என்று ஊரார் சொன்னார்கள். ஊரார் சொல்வதற்கு என்ன, எல்லாம் முடிந்த பிறகு சொல்வார்கள்.

"சேர், நான் ஒருத்தரையும் மறியலுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கேல்லை. என்ன நடந்ததெண்டு ஒரு கடதாசியில எழுதித் தரச் சொல்லுங்கோ. அது காணும்" என்றார் அவர்.

மறுநாள் எனக்குப் பழக்கமான சட்டத்தரணி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். கால் எடுத்த நாள் எது என்பதே சட்டத்தரணியின் முதற் கேள்வி. கணக்குப் பார்த்தோம். இரண்டு ஆண்டுகளும் நாலு மாதங்களும் கழிந்திருந்தன. சட்டத்தரணி பேனாவை மூடி வைத்துவிட்டார். உடலுக்கும் பொருளுக்கும் நேர்ந்த தீங்கிற்கு நட்டஈடு கேட்பவர் இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடல் வேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. தச்சுத் தொழிலாளியோ அந்த இரண்டு ஆண்டுகளையும் புண் ஆறுவதற்கும், ஊன்றுகோலோடு நடக்கப் பழகுவதற்கும், கடன் அடைப்பதற்கும் செலவிட்டுவிட்டார்.

நான் சட்டம் கற்றவன் அல்லேன். சரித்திரம் படித்தவன், சரித்திரம் படிப்பிக்கின்றவன். எனவே, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது, எம்மவருக்கு அது என்ன செய்தது என்பதைத் தேடிப் பார்க்கலானேன். அத்தேடலிற் கிடைத்தவற்றையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வைத்தியனின் பிழைக்குத் தண்டம் விதிப்பது மிகப் பழைய வழக்கம். பாபிலோனியரின் அமுராபி மன்னன் சட்டத்திலே, உயர்குடியாளன் ஒருவன் வைத்தியனின் கத்தியால் இறந்தால் அவ்வைத்தியனின் கைகளை வெட்டுக என்றிருக்கின்றது. கௌடிலியரின் அர்த்த சாத்திரம் அவ்வளவு கொடியதன்று. ஆபத்தான நோய்க்கு அரசாங்கத்துக்கு அறிவியாமற் சிகிச்சை செய்து நோயாளி இறந்தால் ஒரு தண்டம். வைத்தியனின் கவலையீனத்தால் இறந்தால் அதனினும் கூடிய தண்டம். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் தண்டம் எதுவும் பேசவில்லை. நோயாளி, வைத்தியன், மருந்து, துணைநிற்போன் என நால்வகைப்பட்டது வைத்தியம் என்று வகுத்ததோடு அமைகின்றார். அந்த நாலாவது ஆளைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. அன்றிரவு என் நண்பரின் குளிர்ந்த விரல்களைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டியவர் அவரே.

ஆனால் யாழ்ப்பாணத்திலே இன்று வழங்கும் சட்டம் பாபிலோனிலிருந்தும் வரவில்லை, பாடலிபுத்திரத்திலிருந்தும் வரவில்லை. அது உரோமாபுரியிலிருந்து ஒல்லாந்து வழியாகக் கப்பலேறி வந்தது. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். எம்மவரின் வழக்கங்களை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை எழுத்தில் அமைத்தார், அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். தேசவழமை பெரிதும் முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஈடு, கொள்வனவு, அடிமைகள் என்பன பற்றியது. அதில் வைத்தியர் பிழைக்கென இடம் இல்லை. தேசவழமை பேசாத இடத்தில் உரோம ஒல்லாந்தச் சட்டம் பேசும். 1799இல் ஆங்கிலேயர் செய்த பிரகடனம் அச்சட்டத்தைத் தொடர்ந்து வழங்க விட்டது. அதனாலேயே, ஒல்லாந்தர் இங்கிருந்து போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், கவலையீனத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்காடும் யாழ்ப்பாணத்தவர் உரோமரின் அக்குவிலியச் சட்டத்தின் நிழலிலேயே நிற்கின்றார்.

இந்த அக்குவிலியச் சட்டத்தைச் சிறிது நின்று பார்த்தல் தகும். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் உரோமர் இதனை ஆக்கினர். ஒருவனுடைய அடிமையையோ மாட்டையோ இன்னொருவன் அநியாயமாகக் கொன்றால் உடையவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதே இதன் முதற் கேள்வி. கி.பி. 533இல் யுத்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டப் பாடநூலிலே வைத்தியன் வருகின்றான். அடிமைக்குச் சத்திர சிகிச்சை செய்த வைத்தியன், பிறகு அவனைப் பராமரியாது விட்டு, அதனால் அவன் இறந்தால் வைத்தியன் குற்றவாளி. தவறாக வெட்டினாலும் தவறான மருந்து கொடுத்தாலும் அவ்வாறே. திறமையின்மையும் குற்றமாகவே கொள்ளப்படும். படிப்போருக்கு வியப்பாக இருக்கும். பிளாஸ்ரர் கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராத கதைக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வாசகம் எழுதப்பட்டிருக்கின்றது! ஆனால் நட்டஈடு பெறுகின்றவன் யார்? கால் இழந்தவன் அல்லன். அவனை உடையவன். அடிமையின் நோவுக்கு விலையில்லை. உடையவனின் பணப்பைக்கு வந்த நட்டத்துக்கே விலை.

பிற்காலத்து ஒல்லாந்தர் இந்தக் குறையைப் பெருமளவு திருத்தினர். காயம்பட்டவன் தன் நோவுக்கும் துன்பத்துக்கும் தானே நட்டஈடு கேட்கலாம் என்ற வழி பிறந்தது. இலங்கையில் அடிமைமுறையும் 1844இல் சட்டத்தால் ஒழிந்தது. என்றாலும் அந்தப் பழைய பணப்பைக் கணக்கு முற்றாகப் போய்விடவில்லை. அதைப் பின்னர் காண்போம்.

இனி, யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிகளின் கதை. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைத் தந்த இக்குடாநாட்டுக்கு, அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். இடையிலே சில ஆண்டுகள் தாயகத்தில் இருந்தாரேனும், 1873 வரை மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு பணிசெய்தார்; தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் படிப்பித்தார்; அங்காதிபாதமும் பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் தமிழ் நூல்களாயின. நகரிலே, அரசாங்க அதிபர் தைக் துரையின் முயற்சியால், துயர்ப்படுவோர் உதவிச் சங்கத்தின் ஆசுப்பத்திரி 1850இல் எழுந்தது. இவையெல்லாம் தருமத்தால் நடந்தவை. தருமத்துக்கு வைத்தியம் செய்தவரை வழக்கு மன்றத்துக்கு இழுக்க யார் துணிவர்? ஏழை நோயாளி கும்பிட்டுக்கொண்டு வந்தான், கும்பிட்டுக்கொண்டு போனான். அந்தக் கும்பிடு இன்றும் எங்கள் கைகளை விட்டுப் போகவில்லை.

1907இல் நகரத்து ஆசுப்பத்திரியை அரசாங்கம் பொறுப்பேற்றது. தருமத்தின் இடத்தில் அரசாங்கம் வந்தது நன்மைதான். ஆனால் சட்டத்தின் கண்ணோடு பார்த்தால் நோயாளியின் நிலை மேலும் இறுகிற்று. முடிக்கு எதிராக, தீங்குக்கு நட்டஈடு கேட்டு வழக்கிட முடியாது என்பது அக்காலத்துக் கொள்கை. 1884இல் நியூமன் வழக்கிலும், பின்னர் 1913இல் கொழும்பு மின்சாரத் திராம் கம்பனி வழக்கிலும் எமது உயர் நீதிமன்றம் இக்கொள்கையை உறுதிப்படுத்திற்று. ஒப்பந்தம் முறிந்தால் முடியோடு வழக்காடலாம். தீங்கு செய்தால் ஆகாது. ஆகவே அரசாங்க ஆசுப்பத்திரியிலே தவறு நேர்ந்தால், தனிப்பட்ட வைத்தியர் மீதோ தாதி மீதோ மட்டுமே வழக்கிடலாம். அவரோ, பெரும்பாலும், அதே ஊரில் அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பார்க்க வேண்டியவர். வழக்கு வென்றாலும் பெருந்தொகை கொடுக்கும் வசதி அவருக்கு இராது. வசதி உள்ள முடியைத் தொட முடியாது.

இங்கிலாந்து தன் நாட்டிலே 1947இல் இத்தடையை நீக்கிக்கொண்டது. நமக்கு அந்த நீக்கம் வந்தது 1969இல். அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், ஊழியர் செய்த தீங்குக்கு முடியும் சாதாரண மனிதனைப் போலவே பொறுப்பாகும் என்றது. 1972இல் நாடு குடியரசானபின் முடியின் இடத்தில் அரசு என்ற சொல் வந்தது. பொறுப்பு அப்படியே நின்றது. 1907 முதல் 1969 வரை அறுபத்திரண்டு ஆண்டுகள்! அக்காலத்தில் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் யாருக்கு என்ன பிழை நேர்ந்தது என்பதை நீதிமன்ற அறிக்கைகளிலே தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம், பிழையே நேராமை அன்று.

சட்டத்தைத் திருத்துதல் என்றவுடன் மேனாட்டார் வேறொன்றை நினைப்பர். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே 1975இல் ஒரு சட்டம் செய்தனர். வைத்தியர்மீது வழக்குகள் பெருகின, காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று, வைத்தியர்கள் தொழிலை விட்டுப் போகின்றனர் என்ற கூக்குரலின் விளைவு அது. நோவு, மனத்துயர் முதலியவற்றுக்கு எந்த நடுவரும் 250,000 டொலருக்கு மேற் கொடுத்தல் ஆகாது என்று அச்சட்டம் எல்லை கட்டிற்று. விலைவாசி எத்தனையோ மடங்கு உயர்ந்தும் 2022 வரை அந்த எல்லை அசையவே இல்லை. உழைப்பவன் காலை இழந்தால், இழந்த சம்பளத்தைக் கணக்கிட்டு அதற்கு மேலும் பெறலாம். அதற்கு எல்லை இல்லை. சம்பளமில்லாத குழந்தையும், வீட்டிலுள்ள தாயும், முதியவரும் இழந்தால், எல்லைக்குட்பட்ட அந்தத் தொகையே பெரும்பாலும் மிஞ்சும். அவ்வாறான வழக்கைக் கையேற்கச் சட்டத்தரணிகளும் தயங்கினர். நியூசிலாந்தோ 1974இல் முற்றிலும் வேறு வழி சென்றது: யார் பிழை என்று கேளாமலே காயம்பட்டவருக்குப் பொது நிதியிலிருந்து உதவி, அதற்கு மாறாக, வழக்கிடும் உரிமை இல்லை. என் தச்சு நண்பர் அங்கே பிறந்திருந்தால் கால் போனதற்குப் பணம் கிடைத்திருக்கும். அவர் கேட்ட கடதாசி கிடைத்திருக்குமோ, அறியேன்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இலங்கையின் வைத்தியச் சட்டச் சரித்திரத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வழக்கு, பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகச் சட்டத்தரணி ஒருவர் தொடுத்தது. அவருடைய சிறு மகளுக்குக் கைகால் அசைவிலும் நடையிலும் தடுமாற்றம் கண்டது. நாட்டின் முன்னணிக் குழந்தை வைத்தியரான பேராசிரியர், வாதக்காய்ச்சலைச் சார்ந்த நடுக்க நோய் என்று மதித்துச் சிகிச்சை அளித்தார். உண்மையில் மூளைத்தண்டிலே கட்டி இருந்தது. 1992இல் குழந்தை இறந்தது. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை எங்கள் உயர்தர மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் குழப்பத்தை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். நோயை அறிவதில் வைத்தியர் கவலையீனமாக இருந்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அக்கட்டி எவ்வாறாயினும் உயிர் கொள்வது. கவலையீனத்தாலேயே மரணம் நேர்ந்தது, அல்லது விரைந்தது என்பதைத் தந்தையார் நிரூபிக்கவில்லை. ஆதலின் நட்டஈடு இல்லை. பிழை உண்டு, பலன் இல்லை! இது தருக்கத்துக்குப் பொருந்தும் என்றே நானும் கருதுகின்றேன். எல்லாப் பிழையும் எல்லாத் துன்பத்துக்கும் காரணமாகிவிடாது. வைத்தியருக்கும் நியாயம் வேண்டும்.

என் மனத்தைத் தைத்தது தீர்ப்பின் மற்றொரு பகுதியே. பெற்றோர் இழந்த பிள்ளையின் உறவுக்கும் துணைக்கும் நட்டஈடு கேட்கலாமோ என்ற கேள்வி எழுந்தபோது, அக்குவிலிய வழக்கிலே பொருள் நட்டத்துக்கே இடமுண்டு, அன்பின் இழப்புக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறிற்று. நேயர்களே, உரோமாபுரியின் அந்தப் பணப்பை இங்கே மறுபடியும் திறக்கின்றது. உழைக்கும் மகன் இறந்தால் அவன் தரும் பணத்தைக் கணக்கிடலாம். நாலு வயதுக் குழந்தை இறந்தால் கணக்கில் என்ன எழுதுவது? நீதிபதிகளைக் குறைகூறுவதற்கில்லை, கையில் இருந்த சட்டத்தைச் சொன்னார்கள். சட்டத்தை மாற்றப் பாராளுமன்றத்துக்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், பிறர் தவற்றால் ஒருவர் இறந்தால், பெற்றோர் முதலிய நெருங்கிய உறவினர் அன்பின் இழப்புக்கும் நட்டஈடு கேட்க வழி திறந்தது.

இவ்வளவும் கொழும்பின் கதை போலத் தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் வைத்தியர்மீது வழக்குகள் அருமையாக இருப்பதற்குச் சட்டத்திற்கு அப்பாலும் காரணம் உண்டு. போர்க்காலத்திலே, மருந்தும் மின்சாரமும் தட்டுப்பட்ட ஆண்டுகளிலே, ஆசுப்பத்திரியைக் கைவிடாது நின்றவர் வைத்தியரும் தாதியரும் ஊழியருமே. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் நாட்களில் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குள்ளேயே இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் கடமையில் இருந்த வைத்தியர்களும் தாதியரும் உளர். அத்தகைய இடத்தின்மீது வழக்கிடுதல் நன்றிகேடு என்று எண்ணும் முதியோரை நான் அறிவேன். அவர்களின் உணர்ச்சியை நான் மதிக்கின்றேன். ஆயினும் 2023இல், காய்ச்சலுக்காக யாழ்ப்பாணத்தில் அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையை இழந்து வீடு திரும்பியபொழுது, அதே முதியோர்கள்தாம் தேநீர்க் கடை வாசலில் நின்று, இதற்கு விசாரணை வேண்டும் என்றனர். அவ்விடயம் நீதவான் நீதிமன்றம் வரை சென்றது.

போர் இன்னொன்றும் செய்தது. 1871இன் அந்த இரண்டு ஆண்டு எல்லை, இடம்பெயர்ந்தவனுக்கும் இடம்பெயராதவனுக்கும் ஒரே கணக்கு. நீதிமன்றம் நடவாத ஊரிலும் நாட்காட்டி நடந்தது. 2016இல் பாராளுமன்றம் இதனைக் கவனித்து, அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால், போர்க்காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்க்குச் சலுகை அளித்தது. ஆனால் அச்சலுகை காணி முதலிய அசையாச் சொத்துக்களுக்கே. காணி இழந்தவனுக்குக் காலம் நீட்டப்பட்டது. அக்காலத்திலே சிகிச்சைப் பிழையால் கண்ணையோ காலையோ இழந்தவனுக்கு அந்த நீட்சி இல்லை.

வைத்தியர்மீது வழக்குப் பெருகினால் வைத்தியம் திருந்திவிடும் என்று நான் நம்புகின்றவன் அல்லேன். ஒரு விடுதியில் நூறு நோயாளரும் இரண்டு தாதியரும் இருக்கும் இரவில், குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் தேடுமாயின், அங்கே நின்ற அந்த இருவரில் ஒருத்தியையே அது காணும். அவளை அங்கே தனியே நிறுத்தியவரைக் காணாது. எனினும் வழக்கின் வாசல் மூடியிருக்கும் இடத்தில், விளக்கம் கேட்கும் வாசலும் சேர்ந்தே மூடிவிடுகின்றது. இதைச் சட்டத்தரணிகள் ஏற்பார்களோ என்னவோ, மனு எழுதிப் பழகிய என் அனுபவம் அது.

தச்சுத் தொழிலாளியின் கதையை இடையில் விட்டேன். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், 2017இல் அவர் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். ஒரு விண்ணப்பம் எழுதினோம். தமது சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியைத் தரும்படி கேட்டோம். இரண்டு நினைவூட்டற் கடிதங்களுக்குப் பிறகு பதினொரு தாள்கள் வந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் வைத்தியர் கையெழுத்தில். ஒன்பதாம் வகுப்பிலிருந்த மகன் அப்பொழுது உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். விறாந்தையில் இருந்து அவனே எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழிற் சொன்னான். முதலிரவு, இரண்டு மணி பத்து நிமிடம்: விரல்கள் குளிர்ந்துள்ளன, நோயாளி வலி என்கின்றார், வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டது என்று தாதி ஒருத்தி எழுதியிருந்தாள். அடுத்த குறிப்பு மறுநாட் காலை பத்து மணிக்கு.

"அப்ப அந்தப் பிள்ளை எழுதித்தான் இருக்கு" என்றார் தந்தையார். அந்த வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு தாள்களை மடித்து, பொலித்தீன் பையிற் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழைக்கு முன் வீடு போய்ச் சேரவேண்டும் என்று ஊன்றுகோலை எடுத்தார்.